நாடி பார்த்தவன்

1979 ஆகஸ்ட் 5, ஞாயிறு

பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. பியூலாவின் போன வருஷத்து அறிவியல் நோட்டில் பின்பாதி வெறுமையாக இருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். மேலே பெயர் எழுதினேன்: சா. தயாளன், முதலுதவியாளர், சுரங்க மீட்பு நிலையம். ஒரு பக்கம் தவளையின் இதயம், மறுபக்கம் அப்பாவின் நாளா என்று பியூலா சிரித்தாள்.

கோயில் ஆராதனை முடிந்து வந்து கூரைத் தகரத்தில் இரண்டு ஓட்டைகளுக்குத் தார் பூசினேன். மனைவி சலோமியின் தையல் மெஷின் வார் அறுந்துபோயிருக்கிறது. நாளை வாங்க வேண்டும்.

மாலை நிலையத்துக்குப் போய்ச் சுவாசக் கருவிகளைச் சோதித்தேன். எல்லாவற்றிலும் ஆக்ஸிஜன் நிரம்பியிருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் முகத்தில் பொருத்துகிற மூச்சுப் பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டு எழுதிப்போட்டு எட்டு மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு விபத்துச் சங்கு.

ஆகஸ்ட் 8, புதன்

இன்று ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். தலை இன்னும் வலிக்கிறது. நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காம் நம்பர் ஷாப்டுக் குழியில், அறுபத்திரண்டாவது லெவலில், மரத் தாங்கல்கள் தீப்பிடித்துவிட்டன. அங்கே வேலையில் இருந்த பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் பக்கத்து ஷாப்ட் வழியாகத் தாங்களே தப்பி மேலே வந்துவிட்டார்கள். நான்கு பேர் வரவில்லை. எங்கள் குழு முதலில் இறங்கியது. கேப்டன் சவரிராயன், நான், இருசப்பன், ஸ்ட்ரெச்சர் தூக்க இன்னும் இரண்டு பேர். நல்ல காற்று கிடைக்கிற கடைசி இடத்தில் தளம் போட்டு, மற்றக் குழுக்களை அங்கே நிறுத்திவிட்டுப் புகைக்குள் போனோம். அறுநூறு கஜம்.

வாயில் ரப்பர் குழாய், மூக்கில் கிளிப். வாயைத் திறந்தால் விஷப் புகை. அதனால் உள்ளே யாரும் யாரோடும் பேச முடியாது. கேப்டனின் ஊதல்தான் பேச்சு. மூன்று முறை ஊதினால் முன்னே போக வேண்டும், நான்கு முறை ஊதினால் திரும்ப வேண்டும்.

இரண்டு பேரைக் கண்டோம். கோதண்டம், தாங்கல் மரம் வெட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தலை மார்பில் தொங்கியது. நெஞ்சு ஏறி இறங்குவது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. மூச்சுப் பெட்டியைப் பிரித்து முகமூடியைப் பொருத்தி ஆக்ஸிஜனைத் திறந்தேன். பை உப்பிச் சுருங்கியது. இவர் பிழைப்பார் என்று நினைத்தேன்.

பத்தடி தள்ளி, காற்றுக் குழாய் ஓடுகிற சுவரோரமாக இன்னொருவன் குப்புறக் கிடந்தான். புரட்டினேன். ரத்தினவேலு. டிரில் மெஷின்காரன். எங்களுக்கு அடுத்த லைன் வீடுகளில் இருப்பவன். நெஞ்சில் அசைவு இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் கழுத்தில் விரல் வைத்தேன்.

இங்கேதான் எழுத வரவில்லை. ஏதோ துடித்தது. பிறகு இல்லை. பிறகு துடித்தது. அந்தச் சூட்டில், முதுகில் பதினெட்டு கிலோ கருவியோடு, என் இதயம் அடிப்பது என் விரல் நுனிகளில் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவனுடையதா என்னுடையதா? என்னுடையது என்று முடிவு செய்தேன். கேப்டன் நான்கு முறை ஊதினார். இறந்தவருக்கு ஹெல்மெட்டில் சாக்பீஸால் பெருக்கல் குறி, உயிரோடு விட்டு வருகிறவருக்கு வட்டம். அது எங்கள் விதி. நான் பெருக்கல் குறி போட்டேன்.

ஒரே ஸ்ட்ரெச்சர், ஒரே மூச்சுப் பெட்டி. கோதண்டத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். இருசப்பன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தான்.

தளத்துக்கு வந்ததும் கோதண்டத்தின் மூச்சு நின்றது. தாடையைத் தூக்கிப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினேன். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. எத்தனை நிமிஷம் என்று தெரியாது. டாக்டர் இறங்கி வந்தபோது அவர் தானாகவே மூச்சு விட ஆரம்பித்திருந்தார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

மற்ற இரண்டு பேரும் இன்னும் உள்ளே ஒரு மூலையில் சாக்குத் துணியால் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் குழு அவர்களை நல்லபடியாகக் கூட்டி வந்தது. பிறகு மூன்றாம் குழு ரத்தினவேலுவின் உடலை எடுக்கப் போனது. அதற்குள் என்னை மேலே அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 9, வியாழன்

ரத்தினவேலு சாகவில்லை.

சலோமிதான் குழாயடியில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். உடலை எடுக்கப் போனவர்கள் கையைப் பிடித்தபோது அவன் முனகினானாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண் திறந்தான், ஆனால் பெண்டாட்டியின் பெயர் தெரியவில்லை.

சலோமி சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றேன். பிறகு கொல்லைப்புறம் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நாங்கள் அவனை விட்டு வந்ததற்கும் அவனை எடுத்ததற்கும் நடுவில் ஒரு மணி நாற்பது நிமிஷம். இரண்டாம் குழு அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறது, தாண்டித்தான் திரும்பியிருக்கிறது. என் குறியைப் பார்த்திருப்பார்கள். வட்டம் போட்டிருந்தால் முதலில் அவனைத்தான் எடுத்திருப்பார்கள்.

சலோமி ஒன்று கேட்டாள். இது அந்த ரத்தினவேலுதானே என்று. ஆமாம் என்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் நிலையத்தில் டியூட்டியில் தூங்கியதைப் பார்த்துவிட்டு யூனியன் ஆள் என்ற முறையில் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தவன் அவன்தான். பயிற்சியாளர் வேலை எனக்கு வர வேண்டியது, அதனால் வேறொருவருக்குப் போனது. அதையெல்லாம் நான் மனதில் வைத்திருப்பவன் இல்லை. இரண்டு வருஷமாக அவனோடு பேசவில்லை என்பது உண்மைதான். பேசுவதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

ஆகஸ்ட் 11, சனி

கோதண்டம் விடியற்காலையில் இறந்துவிட்டார். மூளையில் விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். நான் தூக்கி வந்தவர் செத்துவிட்டார். செத்துவிட்டான் என்று விட்டு வந்தவன் பிழைத்திருக்கிறான்.

அடக்கத்துக்குப் போனேன். கோதண்டத்தின் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, மூணு நாள் கூட வெச்சிக் குடுத்தீங்களே என்றான். 

மெஷின் வார் வாங்கி மாட்டினேன். ஒரு அங்குலம் நீளம் அதிகம். வெட்டித் தைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மதியம் கேப்டன் வீட்டுக்கு வந்தார். இருபது வருஷமாகச் சுரங்கத்தில் இருப்பவர், அதிகம் பேசாதவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

தீ அணைந்த பிறகு ஆட்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ரத்தினவேலு கிடந்த இடத்துக்கு நேராகக் காற்றுக் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. அது பாதி திறந்திருந்தது. மேலிருந்து வருகிற சுத்தமான காற்று அவன் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் பிழைத்தான். தீப்பிடித்தபோது மூடியிருந்த வால்வு அது. அந்த ஷிப்டு மேஸ்திரி உறுதியாகச் சொல்கிறார்.

"அந்த எடத்துல உன்னைத் தவிர யாரும் குனியல. நீதான் தெறந்திருப்ப, தயாளா" என்றார் கேப்டன்.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். புகையிலும் சூட்டிலும் பாதி ஞாபகம் போய்விடும், அவருக்கே அப்படி நடந்திருக்கிறது என்றார். அப்படியானால் குறி? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அடுத்த நடையில் எடுக்க வேண்டிய ஆள் என்று அடையாளத்துக்குப் போட்ட குறி என்று சொல்லிவிடலாம். மாதக் கடைசியில் விசாரணைக்குப் பெரிய அதிகாரி வருகிறார். உயிரோடிருந்த ஆளைச் செத்தவன் என்று விட்டு வந்ததாகப் பதிவானால் அது எனக்கு மட்டும் கெட்ட பெயர் இல்லை, குழுவுக்கே என்றார்.

அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். சாகவில்லை என்று நினைத்திருந்தால் வால்வைத் திறந்திருப்பேன். ஆனால் பெருக்கல் குறி போட்டிருக்க மாட்டேன். செத்துவிட்டான் என்று நினைத்திருந்தால் குறி போட்டிருப்பேன்; ஆனால் வால்வைத் திறந்திருக்க மாட்டேன். இரண்டையும் செய்தவன் யார்?

ஆகஸ்ட் 14, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். கருவிகளைக் கழுவிக் காய வைத்தோம். இருசப்பன் என்னோடு சேர்ந்து ரப்பர் குழாய்களை வெந்நீரில் அலசினான். எப்போதும் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பவன், இன்று வாயே திறக்கவில்லை. கோதண்டம் செத்தது அவனைப் பாதித்திருக்கும்.

மதியம் சாப்பிடும்போது ஒன்று தோன்றியது. குனிந்திருந்தபோது இடது பக்கம் ஏதோ இரும்பில் என் கை பட்டது. பட்டதா? பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, புதன்

நிலையத்தில் கொடியேற்றம். மானேஜர் பேசும்போது என் பெயரைச் சொன்னார். ஒரே மூச்சுப் பெட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கு உயிர் கொடுக்க நினைத்தவர், பெட்டி ஒருவருக்கு, காற்றுக் குழாய் மற்றவருக்கு என்று அந்த நெருப்பிலும் யோசித்தவர் என்றார். வீர விருதுக்கு எழுதியிருக்கிறார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். பியூலா பள்ளிக்கூட வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மறுத்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதுகிறேன். ஆனால் எதை மறுப்பது? நான் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியுமா?

ஆகஸ்ட் 16, வியாழன்

ரத்தினவேலுவின் மனைவி விருதாம்பாள் வந்தாள். இதற்கு முன் எங்கள் வாசல் மிதித்ததில்லை. முந்தானையில் சுற்றி ஹெல்மெட்டைக் கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் துணிமணியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

குறியைக் காட்டி, "இது இன்னாண்ணா? கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ. போட்டது நீங்கன்னாங்க" என்றாள்.

ஆள் கிடைத்துவிட்டான் என்பதற்கு அடையாளம் என்று சொன்னேன். அது பொய் இல்லை. கிடைத்த ஆளுக்குத்தானே குறி போடுகிறோம். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து என் காலைத் தொட வந்தாள். நான் எழுந்து பின்னால் போனேன். சலோமி அவளுக்குக் காப்பி கொடுத்தாள்.

ரத்தினவேலுவுக்கு இப்போது ஆட்களை அடையாளம் தெரிகிறதாம். ஆனால் காலையில் சொன்னது மாலைக்குள் மறந்துபோகிறது. சட்டைப் பித்தான் போடத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் இவ்வளவு இருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம். அதை அவள் யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தாள்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

கோயிலில் போதகர் ஐயர் ஜெபத்தில் என் பெயரைச் சேர்த்தார். திரும்பும் வழியில் இருசப்பனைப் பார்த்தேன். எதிரே வந்தவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு சந்தில் போய்விட்டான். விருது எனக்கு வருகிறது என்று பொறாமையோ என்னவோ. அப்படிப்பட்டவன் இல்லை.

மழை. தார் பூசிய இடம் ஒழுகவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது.

ஆகஸ்ட் 22, புதன்

வால்வின் சக்கரம் ஞாபகம் வந்துவிட்டது. கைக்குள் அடங்குகிற சின்னச் சக்கரம். விளிம்பு சில்லென்று இருந்தது. இடது கையால் அரைச் சுற்றுச் சுற்றினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, சனி

ஷிப்டு முடிந்து கருவி அறையைப் பூட்டப் போனேன். இருசப்பன் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்றேன். கதவைச் சாத்தச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டான். மூன்று நாளாக எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது, வால்வுச் சக்கரத்தை அரைச் சுற்றுத் திறந்தேன் என்றேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அவன் என்னையே பார்த்தான்.

"ண்ணா, அந்த வால்வுல சக்கரமே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவன் எழுந்து கருவிப் பையிலிருந்து குழாய்ச் சாவியை எடுத்து என் முன்னால் பெஞ்சில் வைத்தான்.

"சக்கரம் எப்பவோ ஒடைஞ்சி போச்சி. நடுவுல மொட்டைக் கம்பிதான் நிக்கும். இதைப் போட்டுத்தான் திருப்பினேன். கொதிக்கிற சூடு."

பிறகு மிச்சத்தையும் சொன்னான். நான் குறி போட்டுவிட்டு நகர்ந்ததும் அவன் பையை எடுக்கக் குனிந்திருக்கிறான். அவனுடைய விளக்கு ரத்தினவேலுவின் முகத்தில் விழுந்தது. மூக்குக்கு முன்னால் புகை மெல்ல விலகி, மறுபடி கூடுவது போல் இருந்தது. நிஜமா, விளக்கு ஆடியதா, தெரியவில்லை. பேச முடியாது. என் தோளைத் தட்டப் பார்த்தான். நான் அதற்குள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிவிட்டேன். கேப்டன் திரும்பிப் பார்த்தார். குழுவை விட்டுப் பின்தங்கினால் பெயரை எடுத்துவிடுவார்கள். இருந்தாலும் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு, முகத்தைக் காற்றுப் பக்கம் தள்ளிவிட்டு ஓடி வந்தான்.

தளத்துக்கு வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

நான் அப்போது கோதண்டத்தின் வாயில் ஊதிக்கொண்டிருந்தேனாம். ஒருவர் இறந்துவிட்டார் என்று கேப்டன் மேலே போனில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலுதவிக்காரர் நாடி பார்த்துச் சொன்னதை மூட்டை தூக்குகிறவன் எப்படி மறுப்பது, தான் கண்டது வெறும் புகையாக இருந்தால் என்ன ஆவது என்று நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். ஒரு மணி நாற்பது நிமிஷம் அப்படியே நின்றிருக்கிறான்.

"நீ ஒரு தப்பு பண்ண. நான் வாய மூடிகினு நின்னேன். எது பெருசுன்னு எனக்கு இன்னும் தெர்லண்ணா" என்றான். அழுதான்.

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. என் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சில்லிப்பு இன்னும் அதில் இருந்தது. இல்லாத சக்கரத்தின் சில்லிப்பு. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் இதை எழுதும் கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

விசாரணை, மீட்பு நிலையத்து ஹாலில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி, கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசினார். வால்வைத் திறந்தது நீங்களா என்று முதல் கேள்வியே அதுதான். இல்லை என்றேன். கேப்டன் நாற்காலியில் அசைந்தார்.

குறி எதற்கு? இறந்துவிட்டார் என்று முடிவு செய்ததற்கு. நாடி இருந்ததா? தெரியாது. எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? தெரியாது. விதிப்படி எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? ஒரு முழு நிமிஷம். பார்த்தீர்களா? கேப்டன் ஊதுவதற்கு முன்பே சாக்பீஸை எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறீர்களா, தெரியுமா? அதுவும் தெரியாது.

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் மறைக்கவில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து எடுத்துப் பார்த்து அது கசங்கிப் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கிறது.

இருவருக்கும் முன்விரோதம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றைத்தான் யோசிக்காமல் சொன்னேன்.

இருசப்பன் எனக்கு அடுத்து வந்தான். அவன் பெயரை நான் சொல்லவில்லை. தானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தான். குழாய்ச் சாவியிலிருந்து வாய் மூடி நின்றது வரை எல்லாவற்றையும் சொன்னான்.

விருது இல்லை. என்னை மீட்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஷாப்ட் மேலே முதலுதவி அறையில் வேலை. இருசப்பனுக்கு எச்சரிக்கைக் கடிதம். இன்னும் இரண்டு மூச்சுப் பெட்டிகள் உடனே வாங்க வேண்டும் என்று அதிகாரி எழுதியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் வட்டம்தான் போட வேண்டும் என்று புது விதி. கேப்டன் என் பக்கம் திரும்பாமல் போனார்.

 பியூலா விருது எப்போது என்று கேட்டாள். வராது, அப்பா அதைச் செய்யவில்லை என்றேன். யார் செய்தது என்றாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ நீங்க என்ன செஞ்சீங்க என்றாள்.

ஆகஸ்ட் 30, வியாழன்

ரத்தினவேலுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலை போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா தயாளா. நீதான் காப்பாத்தினியாமே" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சண்டை அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை.

விருதாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விசாரணையில் நடந்தது அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நான் நின்றுகொண்டே சொன்னேன். குறிக்கு என்ன அர்த்தம், வால்வைத் திறந்தது யார், ஒரு மணி நாற்பது நிமிஷம் எப்படிப் போனது. முறம் நின்றது. ரத்தினவேலு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடித்ததும், "பாவம்" என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை.

வெளியே வந்தேன். விருதாம்பாள் பின்னாலேயே வந்தாள்.

"உங்க காலத் தொட வந்தேனே" என்றாள்.  கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "அவரு நாளைக்கே மறந்துடுவாரு. நான் மறக்க மாட்டேன். நாளைக்கும் வந்து சொல்லுங்க. அவருக்கு மனசுல நிக்கிற வரைக்கும் வந்து சொல்லுங்க."

ஆகஸ்ட் 31, வெள்ளி

அவள் சொன்னது போலவே. "வா தயாளா, நீதான் காப்பாத்தினியாமே" என்றான், அதே சிரிப்போடு. நேற்று நான் வந்ததே தெரியவில்லை.

ஒரு கணம், சரி என்று தலையாட்டிவிட்டால் என்ன என்று நினைத்தேன். விருதாம்பாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முதலிலிருந்து சொன்னேன். நேற்றைவிடக் கஷ்டமாக இருந்தது. நேற்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணமாவது இருந்தது.

செப்டம்பர் 3, திங்கள்

இரண்டு நாள் போகவில்லை. சனிக்கிழமை ரேஷனில் சர்க்கரைக்கு நின்றேன், ஞாயிற்றுக்கிழமை கூரை. இரண்டும் ஒத்திப்போடக்கூடிய வேலைகள்தான்.

இன்று போனபோது இருசப்பன் அங்கே இருந்தான். அவனையும் வரச் சொல்லியிருக்கிறாள் போல. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தான். என் தோளை அழுத்திவிட்டுப் போனான்.

ரத்தினவேலு சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தான். இரண்டைப் போட்டிருந்தான். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையைத் தட்டினான். இந்த முறை காப்பாற்றினாயாமே என்று சொல்லவில்லை. "நீ ஏதோ சொல்லணும்னு வருவியாமே, இன்னாது?" என்றான்.

தரையில் உட்கார்ந்து சொன்னேன். தீ, ஊதல், கோதண்டம், மூச்சுப் பெட்டி. அவனைப் புரட்டிய இடம் வந்தது. வழக்கமாக அங்கே, கழுத்தில் விரல் வைத்தேன், என் துடிப்பும் உன் துடிப்பும் குழம்பிவிட்டன என்று தாண்டிப் போவேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. அதிகாரியிடம் சொல்லவில்லை, சலோமியிடம் சொல்லவில்லை, இந்த நோட்டில்கூட எழுதவில்லை. குழம்பிப் போகாமல் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

"உன் மூஞ்சிய பாத்ததும், இவனான்னு தோணுச்சி. அப்புறந்தான் கழுத்துல கைய வெச்சேன்" என்றேன்.

ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னேன். நான் தூங்கியது, அவன் எழுதிக் கொடுத்தது, பயிற்சியாளர் வேலை கைநழுவிப் போனது. அதனால்தான் சீக்கிரம் கையை எடுத்தாயா என்றான். இருக்கலாம் என்றேன். இல்லாமலும் இருக்கலாம், ஆனால் இருக்கலாம்.

 அவன் விரல்கள் மூன்றாவது பித்தானைத் தேடிக்கொண்டிருந்தன. பிறகு, "நீ தூங்கினியா?" என்றான்.

"தூங்கினேன்."

"அப்ப நான் எழுதினது சரிதான்" என்றான்.

சரிதான் என்றேன். அவன் பித்தானைத் துளைக்குள் நுழைத்துவிட்டு அடுத்ததற்குப் போனான். விருதாம்பாள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தபோது, நாளைக்கு எனக்கு முதல் ஷிப்டு, ஆறு மணிக்கே வந்துவிட்டுப் போகட்டுமா என்று அவளைக் கேட்டேன். அந்நேரம் அவர் விழித்திருப்பார், வாருங்கள் என்றாள்.